கமென்டிலிருந்து ரூட் ஆவணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப் அப்ளிகேஷன் ஒன்றில் எந்த முகவரிக்கு என்ன அனுப்பினால் என்ன திரும்பி வரும் என்பதை, நிரலின் கோடுக்குள் எழுதிய விளக்கத்திலிருந்தே ஆவணமாக எடுப்பது பற்றிய பக்கம் இது. ஒரு முகவரியும் அதற்குப் பதில் தரும் ஃபங்ஷனும் சேர்ந்ததுதான் ரூட். பைதானில் வெப் அப்ளிகேஷன் கட்ட ஃபிளாஸ்க், ஆவணத்துக்கு ஸ்பிங்ஸ் என்ற ஜோடியை வைத்துத்தான் பெரும்பாலும் பேசுகிறேன். அன்றாடம் நான் புழங்குவது அதில்தான். மற்ற மொழிக்காரர்களுக்கும் ஆகும் விஷயங்கள் நடுநடுவே வரும். உதாரணத்துக்கு ஒரு சின்ன நூலக அப்ளிகேஷனை எடுத்துக்கொள்கிறேன்: நூல்கள், உறுப்பினர்கள், கொடுக்கல் வாங்கல், அவ்வளவுதான்.

ரூட் ஆவணத்தை விக்கியிலோ வேர்ட் கோப்பிலோ எழுதி வைத்தால் போதாதா?

எழுதிய நாளன்று போதும். சிக்கல் அடுத்த மாதம் வரும்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எங்கள் ரூட் விவரங்கள் எல்லாம் ஒரு பகிர்வுக் கோப்பில் இருந்தன. ஒரு ரூட்டுக்குத் தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் அனுப்பச் சொல்லியிருந்தது. நடுவில் யாரோ கோடில் அதை ஆண்டு, மாதம், நாள் என்று மாற்றினார்கள். பழைய வரிசையில் வருவதையும் முடிந்தவரை புரிந்துகொள்ளும்படி ஒரு வரி சேர்த்தார்கள், நல்லெண்ணத்தில்தான். கோப்பை யாரும் தொடவில்லை. மொபைல் குழு கோப்பைப் பார்த்து 03-04 என்று அனுப்பியது. அது மார்ச் 4 ஆனதா, ஏப்ரல் 3 ஆனதா என்று தேடுவதிலேயே எங்களுக்கு இரண்டு நாள் போனது. பிழைச் செய்தி எதுவும் வராததால், தப்பு எங்கே என்றே முதலில் தெரியவில்லை.

கோடை மாற்றுகிறவரின் கண்ணில் அந்த விளக்கம் பட்டிருந்தால் மாற்றியிருப்பார். ஃபங்ஷனுக்குள்ளேயே விளக்கம் இருந்தால், மாற்றத்தைச் சரிபார்க்கும் சக ஊழியரும் இரண்டையும் ஒரே திரையில் பார்ப்பார். நான் இந்த முறையைப் பிடித்துக்கொண்டதற்கு முதல் காரணம் இதுதான். அழகான பக்கம் தானாக வந்துவிடுகிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

சாதாரண கமென்ட் போதுமா, டாக்ஸ்ட்ரிங்தான் வேண்டுமா?

பைதானில் டாக்ஸ்ட்ரிங்தான் வேண்டும். ஹேஷ் குறியிட்டு எழுதும் கமென்டைப் பைதான் படிக்கும்போதே விட்டுவிடும்; ஓடும் நிரலில் அதன் சுவடே இருக்காது. ஃபங்ஷனின் முதல் வரியாக மூன்று மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் டாக்ஸ்ட்ரிங் அப்படி இல்லை. அது ஃபங்ஷனோடு ஒட்டிக்கொண்டு, நிரல் ஓடும்போதும் கேட்டால் கிடைக்கும். ஆவணக் கருவிகள் பிடித்துக்கொள்ளும் கொழுகொம்பு இதுதான். இதை எப்படி எழுத வேண்டும் என்ற மரபு பெப் 257 என்ற ஆவணமாக 2001-லேயே வந்துவிட்டது.

ஒரு சின்ன எச்சரிக்கை: டாக்ஸ்ட்ரிங்கை எஃப்-ஸ்ட்ரிங்காக (முன்னால் எஃப் எழுத்தைப் போட்டு, நடுவில் மாறிகளின் மதிப்பை நிரப்பும் வகை) எழுதாதீர்கள். பைதான் அதை டாக்ஸ்ட்ரிங்காக எடுத்துக்கொள்ளாது, குறையும் சொல்லாது. விளக்கம் இல்லாத ஃபங்ஷனாகவே அது நிற்கும்.

ஃபிளாஸ்க்கில் இதை எப்படி அமைப்பது?

ஸ்பிங்ஸ் 2008-ல் பைதான் மொழியின் சொந்த ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் உருவாக்கிய கருவி. அதற்கு எச்டிடிபி டொமைன் என்று ஒரு துணைப் பொதி உண்டு; பிப் மூலம் நிறுவலாம். அதில் ஆட்டோஃபிளாஸ்க் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஸ்பிங்ஸின் அமைப்புக் கோப்பில் அந்த நீட்சியைச் சேர்த்து, ஆவணப் பக்கம் ஒன்றில் ஆட்டோஃபிளாஸ்க் என்று எழுதி, அப்ளிகேஷன் எந்த மாட்யூலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று காட்டினால் வேலை முடிந்தது.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது பின்னால் உதவும். ஃபிளாஸ்க் அப்ளிகேஷன் ஒவ்வொன்றும் தன் ரூட்களை யூஆர்எல் மேப் என்ற ஒரு பட்டியலில் வைத்திருக்கும். எந்த முகவரி, எந்த மெத்தட் (கெட், போஸ்ட் போன்ற கோரிக்கை வகை), எந்த ஃபங்ஷன் என்பதெல்லாம் அதில் இருக்கும். டெர்மினலில் ஃபிளாஸ்க் ரூட்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் வரும் அட்டவணையும் இதிலிருந்துதான் வருகிறது. ஆட்டோஃபிளாஸ்க் உங்கள் அப்ளிகேஷனை உண்மையிலேயே இம்போர்ட் செய்து, இந்தப் பட்டியலைப் புரட்டி, ஒவ்வொரு ஃபங்ஷனின் டாக்ஸ்ட்ரிங்கையும் எடுத்து, முகவரிக்குக் கீழே அடுக்குகிறது. ஆக முகவரியும் மெத்தடும் கோடிலிருந்தே வருகின்றன. நீங்கள் கையால் எழுதுவது விளக்கத்தை மட்டும்தான்.

டாக்ஸ்ட்ரிங்கில் என்ன எழுத வேண்டும்?

கோடைப் பார்த்தாலும் தெரியாததை எழுத வேண்டும். என் நூலக அப்ளிகேஷனில் ஓர் உறுப்பினரின் நூல்களைத் தரும் ரூட் இருக்கிறது. அதற்கு முதலில் நான் எழுதியது:

> உறுப்பினரின் நூல்களைத் தரும்.

இதில் பொய் இல்லை, ஆனால் பயனும் இல்லை. முகவரியைப் படித்தாலே இது தெரிந்துவிடும். இப்போது அங்கே இருப்பது (200, 404 என்பவை சர்வர் தரும் பதில் எண்கள்; 200 என்றால் சரி, 404 என்றால் இல்லை):

> ஓர் உறுப்பினரின் கையில் இப்போது இருக்கும் நூல்களைத் தரும்.
>
> திருப்பித் தந்த நூல்கள் இதில் வராது. அவற்றுக்கு வரலாறு ரூட் தனியாக உண்டு. தாமதக் கட்டணம் பைசாவில் வரும், ரூபாயில் அல்ல. கையில் நூல் எதுவும் இல்லாத உறுப்பினருக்கு வெற்றுப் பட்டியலும் 200-ம் வரும். 404 வந்தால் அந்த எண்ணில் உறுப்பினரே இல்லை என்று பொருள்.

இந்த வரிகளுக்குள் இருப்பவை எல்லாம் எனக்கு யாரோ ஒருவர் சாட்டில் கேட்ட கேள்விகளின் பதில்கள். பைசா வரி வந்த கதை நன்றாக நினைவிருக்கிறது: திரையை வடிவமைத்தவர் ஒரு நாள் தாமதத்துக்கு 100 ரூபாய் வாங்குகிறீர்களா என்று பதறிப்போய்க் கேட்டார். அது ஒரு ரூபாய். அன்றைக்கே டாக்ஸ்ட்ரிங்கைத் திறந்து அந்த வரியைச் சேர்த்தேன். ஒரே கேள்வியை இரண்டாவது ஆள் கேட்டால், பதில் சாட்டில் இருக்கக் கூடாது, ரூட்டில் இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து என் பழக்கம்.

வெற்றுப் பட்டியலா 404-ஆ என்பதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அழைக்கிற பக்கம் கோடு எழுதுகிறவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும். அதே போல, ஒரே கோரிக்கையை இரண்டு முறை அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். நூலை எடுக்கும் ரூட்டில் பட்டனை இரண்டு முறை தட்டினால் இரண்டு பதிவு விழுமா, இரண்டாவதுக்கு 409 (மோதல்) வருமா? இதை எழுத உட்காரும்போதுதான் சில சமயம் நமக்கே பதில் தெரியாது என்பது தெரியவரும். எனக்கு அப்படி இரண்டு பிழைகள் சிக்கியிருக்கின்றன.

விளக்கத்துக்குக் கீழே புலங்கள் வரும். எச்டிடிபி டொமைனில் முகவரிக்குள் வரும் மதிப்புக்கு பராம், கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதற்கு கொயரி, பதில் எண்களுக்கு ஸ்டேட்டஸ்கோட் என்று தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு. இரண்டு பக்கமும் முக்காற்புள்ளி வைத்து எழுத வேண்டும். விளக்கப் பத்திக்கும் முதல் புலத்துக்கும் நடுவில் ஒரு வெற்று வரி கட்டாயம். அதை விட்டால் புலங்கள் எல்லாம் பத்தியோடு ஒட்டி, முக்காற்புள்ளிகளோடு ஒரே குழம்பாகப் பக்கத்தில் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் இதில் விழுகிறார்கள்.

எழுதக் கூடாதது எது?

கருவி தானாகத் தருவதைத் திரும்ப எழுதக் கூடாது. முகவரியை டாக்ஸ்ட்ரிங்கில் மறுபடி எழுதினால், முகவரி மாறும் நாளில் அது பொய்யாகிவிடும். உள்ளே எந்த டேபிளைத் தேடுகிறது, எந்த கேஷில் வைக்கிறது என்பதும் வேண்டாம். அதெல்லாம் ஃபங்ஷனின் நடுவில் ஹேஷ் கமென்டாக இருக்கட்டும். டாக்ஸ்ட்ரிங் வெளியாளுக்கு, ஹேஷ் கமென்ட் நம் வீட்டுக்குள் இருப்பவருக்கு.

பல ரூட்களுக்கு ஒரே விளக்கம் வருகிறது; சில ரூட்கள் பக்கத்தில் வரவே இல்லை. ஏன்?

பத்துக்கு ஒன்பது முறை காரணம் டெகரேட்டர், அதாவது ஃபங்ஷனின் தலையில் அட் குறியிட்டுப் போட்டு அதற்குக் கூடுதல் வேலை சேர்க்கும் உறை. நுழைவுச் சோதனைக்காக ஒரு டெகரேட்டர் எழுதியிருப்பீர்கள். அது உங்கள் ஃபங்ஷனை வாங்கிக்கொண்டு, தன்னுள் இருக்கும் வேறொரு ஃபங்ஷனைத் திருப்பித் தருகிறது. ஃபிளாஸ்க்கின் பட்டியலில் பதிவாவது அந்த உறை ஃபங்ஷன். உங்கள் டாக்ஸ்ட்ரிங் உள்ளே இருக்கும் அசலிலேயே தங்கிவிடுகிறது.

உறை ஃபங்ஷனுக்கு டாக்ஸ்ட்ரிங் இல்லை என்றால், ஆட்டோஃபிளாஸ்க் அந்த ரூட்டையே விட்டுவிடும். விளக்கம் இல்லாதவற்றைச் சேர்க்காமல் விடுவதுதான் அதன் இயல்பு. உறைக்குச் சொந்தமாக டாக்ஸ்ட்ரிங் இருந்தால் இன்னும் மோசம். எங்கள் பக்கத்தில் ஒருமுறை 18 ரூட்களுக்குக் கீழே ‘உள்நுழைந்திருக்கிறாரா என்று பார்க்கும்’ என்ற ஒரே வரி வந்து நின்றது. வழக்கமாக இப்படி இரண்டு ரூட்கள் ஒரே உறைப் பெயரோடு வந்தாலே ஃபிளாஸ்க் பிழை காட்டி நின்றுவிடும், ஏனென்றால் ஃபங்ஷனின் பெயரைத்தான் அது எண்ட்பாயின்ட் பெயராக, அதாவது ரூட்டை உள்ளே அடையாளம் காணும் பெயராக, எடுத்துக்கொள்கிறது. நாங்கள் எண்ட்பாயின்ட் பெயர்களைக் கையால் கொடுத்திருந்ததால் அந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

மருந்து ஒரே வரி. ஃபங்க்டூல்ஸ் மாட்யூலில் இருக்கும் ராப்ஸ் என்ற டெகரேட்டரை உறை ஃபங்ஷனின் தலையில் போடுங்கள். அசலின் பெயர், டாக்ஸ்ட்ரிங் எல்லாவற்றையும் அது உறைக்கு மாற்றித் தரும்.

டெகரேட்டர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரூட் டெகரேட்டர் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். நுழைவுச் சோதனையை அதற்கு மேலே வைத்தால், சோதனை இல்லாத அசல் ஃபங்ஷன்தான் ரூட்டில் பதிவாகும். ஆவணம் மிகச் சரியாக வரும், ஆனால் கதவு திறந்து கிடக்கும். விளக்கம் காணவில்லை என்பதற்காக வரிசையை மாற்றிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று யாரும் இதைச் செய்துவிடாதீர்கள்.

என் கணினியில் உதவிப் பக்கம் சரியாக வருகிறது, சர்வரில் எல்லா விளக்கமும் காலி. என்ன ஆயிற்று?

டாக்ஸ்ட்ரிங்கை ஓடும் நேரத்திலேயே படித்து உதவிப் பக்கம் காட்டும் அப்ளிகேஷன்களில் இது நடக்கும். பைதானை இரட்டை ஓ கொடியோடு ஓட்டினாலோ, பைதான்ஆப்டிமைஸ் என்ற சூழல் மாறியை 2 என்று வைத்தாலோ, டாக்ஸ்ட்ரிங் எல்லாவற்றையும் பைதான் கழற்றி எறிந்துவிடும். நினைவகம் மிச்சமாகும் என்று சர்வரை அமைக்கும் டாக்கர் கோப்பில் யாரோ அதைச் சேர்த்திருப்பார்கள். நிரலுக்குள் சரிபார்ப்புக்காக வைத்த அசெர்ட் வரிகளும் கூடவே போய்விடும் என்பதைச் சொன்னால், பெரும்பாலும் அவர்களே எடுத்துவிடுவார்கள். ஆவணத்தை முன்கூட்டியே ஸ்பிங்ஸில் எடுத்து வைக்கிறவர்களை இது தொடாது.

ஒரே ஃபங்ஷன் கெட், போஸ்ட் இரண்டையும் கவனித்தால்?

பிரித்துவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டாக்ஸ்ட்ரிங் என்றால் அது ‘கெட் என்றால் இது, போஸ்ட் என்றால் அது’ என்று இழுபடும். ஃபிளாஸ்க் 2.0, 2021-ல் வந்ததிலிருந்து கெட்டுக்கும் போஸ்ட்டுக்கும் தனித்தனிச் சுருக்க டெகரேட்டர்கள் இருக்கின்றன.

ஆவணம் எடுக்கும்போது டேட்டாபேஸ் இணைப்பு கேட்டுப் பிழை வருகிறது.

மேலே சொன்னபடி, ஆட்டோஃபிளாஸ்க் அப்ளிகேஷனை இம்போர்ட் செய்கிறது. மாட்யூலின் மேல்மட்டத்திலேயே டேட்டாபேஸில் இணையும் வரி இருந்தால் அதுவும் ஓடும். ஆவணம் எடுக்கும் கணினியில் டேட்டாபேஸ் இருக்காது, அங்கேயே நின்றுவிடும். அப்ளிகேஷனை ஒரு ஃபங்ஷன் கட்டித் தரும்படி மாற்றுங்கள், இணைப்பை முதல் கோரிக்கை வரும்போது திறங்கள். ஆட்டோஃபிளாஸ்க்குக்கு மாறியின் பெயருக்குப் பதில் அந்தக் கட்டும் ஃபங்ஷனின் அழைப்பையே கொடுக்கலாம். இந்த மாற்றம் டெஸ்ட் எழுதவும் வசதி செய்யும். எனவே ஆவணத்துக்காக மட்டும் இத்தனை வேலையா என்று தயங்க வேண்டாம்.

எக்ஸ்பிரஸ் (ஜாவாஸ்கிரிப்ட்), கோ மொழி போன்றவற்றில் இதே முறை உண்டா?

உண்டு. ஆனால் அடிப்படையில் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

ஸ்வாகர்-ஜேஎஸ்டாக் என்ற கருவி, எக்ஸ்பிரஸ் கோடின் கமென்டுக்குள் நீங்கள் யாமல் வடிவில் எழுதியதைப் பொறுக்கி எடுக்கிறது. கோவில் ஸ்வாக் என்ற கருவி, ஃபங்ஷனுக்கு மேலே அட் குறியிட்டு எழுதும் சம்மரி, பராம், ரூட்டர் போன்ற வரிகளைப் படிக்கிறது. ஏபிஐடாக் என்ற கருவியும் இதே வகை. இவை எதுவும் அப்ளிகேஷனை ஓட்டிப் பார்ப்பதில்லை. கமென்டை வெறும் எழுத்தாகப் படிக்கின்றன. அதனால் டேட்டாபேஸ் தொல்லை கிடையாது, வேகமும் அதிகம். ஆனால் முகவரியையே நீங்கள்தான் கமென்டில் எழுதுகிறீர்கள். கோடில் முகவரியை மாற்றிக் கமென்டை மறந்தால், இல்லாத ஒரு முகவரிக்கு அழகான ஆவணம் வந்து நிற்கும்.

என் தேர்வு எப்போதும் ஓடும் அப்ளிகேஷனிடம் கேட்கும் கருவிதான். அது கிடைக்காத இடத்தில், ஆவணத்தில் உள்ள முகவரிகளையும் ரூட்டரில் உள்ளவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு டெஸ்டை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

பைதானின் இன்னொரு வெப் கருவியான ஃபாஸ்ட்ஏபிஐ எல்லாவற்றையும் தானே செய்கிறதே, அப்புறம் டாக்ஸ்ட்ரிங் எதற்கு?

ரூட்களின் விவரத்தை எழுதி வைக்க ஸ்வாகர் என்று 2011-ல் வெளிவந்து, 2015-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் போய், ஓப்பன்ஏபிஐ என்று பெயர் மாறிய வடிவம் இன்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்று. ஃபாஸ்ட்ஏபிஐ உங்கள் டைப் குறிப்புகளிலிருந்து அந்த வடிவத்தைத் தானே கட்டி, டாக்ஸ் என்ற முகவரியில் பக்கமாகவும் காட்டிவிடுகிறது. எது எண், எது எழுத்து, எது கட்டாயம் என்பதை இனி கையால் எழுத வேண்டியதில்லை. மிகவும் நல்ல விஷயம்.

ஆனால் கட்டணம் ஒரு முழு எண் என்று டைப் சொல்லும், பைசா என்று சொல்லாது. அந்த வரி இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஃபாஸ்ட்ஏபிஐ டாக்ஸ்ட்ரிங்கை எடுத்து விளக்கமாகப் போட்டுக்கொள்ளும், மார்க்டவுனும் எழுதலாம். டாக்ஸ்ட்ரிங்கின் நடுவில் பின்சாய்வுக் கோடும் எஃப் எழுத்தும் சேர்ந்த ஃபார்ம் ஃபீட் குறியை வைத்தால், அதற்குக் கீழே உள்ளதை வெளி ஆவணத்தில் சேர்க்காது. உங்கள் குழுவுக்கு மட்டுமான குறிப்பை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

நிர்வாக ரூட்கள் வெளியில் தெரிந்துவிடாதா?

கவனிக்காவிட்டால் தெரியும். ஆட்டோஃபிளாஸ்க்கில் குறிப்பிட்ட எண்ட்பாயின்ட்களையும் புளூபிரின்ட்களையும் (ஃபிளாஸ்க்கில் ரூட்களைக் குழுவாகக் கட்டும் முறை) விலக்கும் வசதி உண்டு. ஃபாஸ்ட்ஏபிஐயில் ரூட்டுக்கு ரூட், ஸ்கீமாவில் சேர்க்காதே என்று சொல்லலாம். நிர்வாக ரூட்களைத் தனி புளூபிரின்டில் வைத்துவிட்டால் விலக்குவது ஒரே வரி. ஆவணத்தில் இல்லை என்பதால் ரூட் பூட்டப்பட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். பூட்டு கோடில்தான் இருக்க வேண்டும்.

டாக்ஸ்ட்ரிங்கைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. பைதான் 3 கோப்புகளை யூடிஎஃப்-8 ஆகத்தான் படிக்கிறது, தனியாக எதுவும் அறிவிக்க வேண்டாம். ஸ்பிங்ஸில் மொழியைத் தமிழ் என்று வைக்கவும் வழி உண்டு. எச்டிஎம்எல் பக்கங்கள் பழுதில்லாமல் வரும்.

இரண்டு இடத்தில் இடறும். பிடிஎஃப் எடுக்கும்போது இயல்பாக வரும் பிடிஎஃப்-லாடெக் எஞ்சின் தமிழைத் தாங்காது. அமைப்புக் கோப்பில் சீலாடெக் என்று மாற்றி, தமிழ் எழுத்துரு ஒன்றையும் கொடுக்க வேண்டும். இன்னொன்று தேடல். பைதானின் ரீ மாட்யூலில் ‘சொல்லெழுத்து’ என்று பொருள்படும் குறி, உயிர்மெய்யின் துணைக்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. ‘தமிழ்’ என்ற சொல்லை அதனிடம் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகத் திருப்பித் தரும். ஸ்பிங்ஸின் தேடல் அட்டவணையும் இந்த முறையில்தான் சொல்லைப் பிரிக்கிறது, அதனால் தமிழ்ச் சொல்லைத் தேடினால் சரியான முடிவு வராது. பெரிய ஆவணம் என்றால், ஸ்பிங்ஸின் தேடலுக்கு உங்கள் சொந்தச் சொற்பிரிப்பை எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும். சின்ன ஆவணத்துக்கு நான் எல்லா ரூட்களையும் ஒரே பக்கத்தில் போட்டுவிட்டு, பிரவுசரின் தேடலைப் பயன்படுத்தச் சொல்கிறேன். அது நன்றாகவே வேலை செய்கிறது.

யார் படிக்கப் போகிறார்கள் என்பதை வைத்து மொழியை முடிவு செய்யுங்கள். எங்கள் நூலக அப்ளிகேஷனைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோருக்கும் தமிழ் தெரியும், ஆகவே தமிழில் இருக்கிறது.

யாராவது விளக்கம் எழுதாமல் விட்டால் எப்படிப் பிடிப்பது?

டெஸ்டில் பிடிக்கலாம். யூஆர்எல் மேப்பைப் புரட்டி, ஒவ்வொரு ரூட்டின் ஃபங்ஷனையும் எடுத்து, டாக்ஸ்ட்ரிங் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பத்து வரிகூட வராது. ஃபிளாஸ்க் தானாகச் சேர்க்கும் ஸ்டாட்டிக் ரூட்டை மட்டும் விலக்கிவிடுங்கள். இரண்டு ரூட்களுக்கு ஒரே டாக்ஸ்ட்ரிங் இருந்தாலும் விழும்படி எழுதுங்கள். டெகரேட்டர் தவறு அன்றைக்கே வெளிவரும். கூடவே, ஸ்பிங்ஸ் பில்டை எச்சரிக்கைகளையும் பிழையாக எடுக்கும் பெரிய டபிள்யூ கொடியோடு சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பில்) ஓட்டுங்கள். வடிவப் பிழைகளில் பெரும்பாலானவை அதில் சிக்கும்.

எழுதியது உண்மையா என்பதை இவை சொல்லாது. அதற்கு ஆளின் கண்தான் வேண்டும். மாற்றங்களைச் சரிபார்க்கும்போது ஃபங்ஷன் மாறி டாக்ஸ்ட்ரிங் மாறாமல் வந்தால் நான் ஒரு கேள்வி கேட்பேன்: ‘மேலே எழுதியிருப்பது இப்போதும் சரியா?’ அந்தத் தேதி ரூட்டின்போது யாராவது இதைக் கேட்டிருந்தால் எங்களுக்கு அந்த இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

ஏற்கெனவே 200 ரூட்கள் விளக்கமே இல்லாமல் கிடக்கின்றன. எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் எழுத உட்காராதீர்கள். ‘நூலைத் தரும்’, ‘நூலைச் சேர்க்கும்’ என்று 200 வெற்று வரிகள்தான் வரும். விளக்கம் இல்லாதவற்றையும் காட்டச் சொல்லும் விருப்பம் ஆட்டோஃபிளாஸ்க்கில் இருக்கிறது. முதலில் அதைப் போட்டு முழுப் பட்டியலையும் வெளியிடுங்கள். முகவரியும் மெத்தடும் மட்டும் இருந்தாலே பலருக்கு அது பெரிய உதவி. அப்புறம் மேலே சொன்ன டெஸ்டில், விளக்கம் இல்லாத பழைய ரூட்களின் பெயர்களை ஒரு விலக்குப் பட்டியலாக வையுங்கள். புதிய ரூட் எதுவும் அந்தப் பட்டியலில் நுழையக் கூடாது. பழைய ரூட் ஒன்றை யாராவது தொட்டால், அதற்கு விளக்கம் எழுதி, பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்த பிறகுதான் மாற்றம் உள்ளே போக வேண்டும்.

முதலில் எழுத ஐந்து ரூட்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கடந்த மாத சாட்டைப் புரட்டுவேன். எந்த ரூட்டைப் பற்றி அதிகம் கேட்டிருக்கிறார்களோ அதிலிருந்து தொடங்குவேன். பதிலை நீங்கள் ஏற்கெனவே அங்கே எழுதி வைத்திருப்பீர்கள். எடுத்து ஃபங்ஷனுக்குள் ஒட்டினால் போதும்.